பன்னிரண்டு பக்கம், பதினோரு இடைவெளி

1932 ஜூலை 14, 15. வியாழனும் வெள்ளியும். இடம் லண்டன் அபே ரோடு, முதலாம் எண் ஸ்டுடியோ. வயலின் யெஹூதி மெனுஹின், வயது 16. குழு லண்டன் சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ரா. நடத்தியவர் எட்வர்ட் எல்கர், வயது 75. வாசித்தது எல்கரே எழுதிய வயலின் கன்செர்ட்டோ. நீளம் சுமார் 50 நிமிடம். கடைக்கு வந்தது 12 அங்குலத் தட்டுகள் 6. பக்கம் 12. இசை நடுவில் நின்றது 11 தடவை.

கடைசி எண்ணுக்காகத்தான் இந்தக் கணக்கு.

ஒரு தனி வாத்தியமும் ஒரு பெரிய குழுவும் எதிரும் புதிருமாகவும் கூடியும் வாசிக்கும் நீண்ட உருப்படிதான் கன்செர்ட்டோ. பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணிவரை ஓடும். எழுதியவர் அதை ஒரே மூச்சாகத்தான் நினைத்து எழுதியிருப்பார். பதிவு செய்யும் தட்டோ நாலரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டாக நடந்த பேரத்தில் யார் எதைக் கொடுத்தார்கள், எதைப் பெற்றார்கள் என்று வரவு செலவு எழுதிப் பார்க்கலாம்.

படி அளவு

நிமிடத்துக்கு 78 சுற்று. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 4 முதல் 4½ நிமிடம். 50 நிமிட இசையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 4 நிமிடம் 10 விநாடி, அதாவது 325 சுற்று. மொத்தம் 3,900 சுற்று. படியின் அளவு இவ்வளவுதான். இசை அதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டே வழி: இசையை வெட்டலாம், அல்லது படியைக் கூட்டலாம். ஆரம்பத்தில் வெட்டினார்கள்.

- 1909. க்ரீகின் பியானோ கன்செர்ட்டோ. பியானோ வில்ஹெல்ம் பாக்ஹவுஸ், குழுவை நடத்தியவர் லேண்டன் ரொனால்ட். முழு நீளம் சுமார் 30 நிமிடம். பதிவானது சுமார் 6 நிமிடம். ஐந்தில் ஒரு பங்கு.
- 1915. பாக் எழுதிய இரட்டை வயலின் கன்செர்ட்டோ. வயலின்கள் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், எஃப்ரம் ஸிம்பலிஸ்ட். முழுக் குழுவுக்குப் பதிலாக ஒரு நால்வர் குழு. பகுதிக்கு ஒரு பக்கம் என்று 3 பக்கம்.
- 1916. எல்கரின் வயலின் கன்செர்ட்டோ. வயலின் மேரி ஹால், நடத்தியவர் எல்கர். 4 பக்கம், சுமார் 16 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு.
- 1929. அதே எல்கர். வயலின் ஆல்பர்ட் சாமன்ஸ், நடத்தியவர் ஹென்றி வுட். முதல் முழுப் பதிவு. சுமார் 43 நிமிடம்.

நடுவில் 1925 இருக்கிறது. அதற்கு முன்பு மைக் கிடையாது. ஒரு தகரக் கொம்பின் வாயைச் சுற்றிக் குழுவினர் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த ஒலியின் அழுத்தமே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறவேண்டும். பிடிபட்ட அலைவரிசை சுமார் 168 முதல் 2,000 ஹெர்ட்ஸ். பெரிய டபுள் பேஸின் கீழ்ச்சுரம் இதற்குள் வராது. அதனால் அதன் வேலையை டியூபா என்ற ஊதுவாத்தியத்திடம் கொடுத்தார்கள். மின்பதிவு வந்ததும் எல்லை சுமார் 100 முதல் 5,000 வரை விரிந்தது. நிமிடக் கணக்கில் ஒரு விநாடிகூட ஏறவில்லை. ஆனால் வாத்தியம் வாத்தியமாகக் கேட்டது. முழு கன்செர்ட்டோவை ஐந்தாறு தட்டில் போட்டால் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டு என்ற தைரியம் கம்பெனிகளுக்கு வந்தது. வெட்டுவதை விட்டுப் படியைக் கூட்டத் தொடங்கினார்கள்.

கூட்டிய படிகள்

- 1929 ஏப்ரல் 10, 13. செர்கெய் ராக்மனினொவ் தன் 2ஆம் பியானோ கன்செர்ட்டோவைத் தானே வாசித்தார். ஃபிலடெல்ஃபியா குழு, நடத்தியவர் ஸ்டோகோவ்ஸ்கி. 5 தட்டு.
- 1934 டிசம்பர் 24. பகனினியின் மெட்டின் மேல் 24 மாறுதல்களாக ராக்மனினொவ் எழுதிய ராப்சடி. அதே குழு, அதே நடத்துநர். 3 தட்டு. மேடையில் முதன்முதலாக ஒலித்தது நவம்பர் 7. அரங்கேற்றத்துக்கும் பதிவுக்கும் நடுவே 47 நாள்.
- 1937 ஏப்ரல் 28. பிராகில் ட்வோர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோ. செல்லோ பாப்லோ கசால்ஸ், செக் ஃபில்ஹார்மொனிக், நடத்தியவர் ஜார்ஜ் செல். 5 தட்டு. இரண்டு நாள் முன்புதான் ஸ்பெயினில் கெர்னிகா ஊரின் மேல் குண்டு மழை பொழிந்திருந்தது. கசால்ஸ் அந்த நாட்டுக்காரர், குடியரசின் பக்கம் நின்றவர். அந்த வாசிப்பின் வேகத்தைக் கேட்கிறவர்கள் இந்தத் தேதியையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.

ராக்மனினொவ் தன் நான்கு கன்செர்ட்டோக்களையும் ராப்சடியையும் சேர்த்து ஐந்தையும் தன் கையாலேயே வாசித்துப் பதிந்துவிட்டுப் போனார். கடைசியாக முடிந்த 4ஆம் கன்செர்ட்டோவின் தேதி 1941 டிசம்பர் 20. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களுக்கு வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இறங்கி வந்தது 1944 நவம்பரில். 27 மாதம் பூட்டு. அந்த இடைவெளியில், 1943 மார்ச் 28 அன்று ராக்மனினொவ் இறந்தார். ஏழு மாத முந்துதலில் அவர் கணக்கு நேராயிற்று.

வராக்கடன்

நேராகாத கணக்கும் உண்டு. எல்கர் தன் வயலின் கன்செர்ட்டோவை கிரைஸ்லருக்குச் சமர்ப்பணம் செய்தார். 1910 நவம்பர் 10 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் அதை முதலில் வாசித்தவரும் அவரே. எச்எம்வி கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், கிரைஸ்லரை வைத்தே அதைப் பதிந்துவிட வேண்டுமென்று நெடுநாள் முயன்றார். கிரைஸ்லர் பிடி கொடுக்கவில்லை.

கிரைஸ்லருக்குத் தட்டு புதிதல்ல. பேத்தோவன், மெண்டல்சன், பிராம்ஸ் ஆகியோரின் வயலின் கன்செர்ட்டோக்களை 1926–27இல் பெர்லினில் ஒரு தடவையும், 1935–36இல் லண்டனில் இன்னொரு தடவையும் முழுதாகப் பதிந்தவர். மூன்று உருப்படி, ஆறு பதிவு. தன் பெயர் எழுதியிருந்த நான்காவது உருப்படி: சுழியம்.

எல்கருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. கெய்ஸ்பெர்க் அந்தக் கடனை வராக்கடனாக எழுதிவிட்டு, அரைக்கால்சட்டை வயதைத் தாண்டி அதிக நாள் ஆகாத ஒரு பையனிடம் போனார்.

அந்தப் பையனின் கையிருப்பையும் எழுத வேண்டும். மெனுஹினுக்கு 12 வயதானபோது ஹென்றி கோல்ட்மன் என்ற நியூயார்க் வங்கியாளர் அவருக்கு ஒரு ஸ்ட்ராடிவாரி வயலின் வாங்கிக் கொடுத்தார். ‘பிரின்ஸ் கெவென்ஹுல்லர்’ என்று பெயர். செய்த ஆண்டு 1733. விலை 60,000 டாலர்.

மெழுகில் இரண்டு நாள்

பதிவுக்கு முன்பு எல்கரிடம் வாசித்துக் காட்ட ஏற்பாடு. குழுவுக்குப் பதிலாக ஐவர் நியூட்டன் பியானோவில் அமர்ந்தார். பையன் தொடங்கினான். கொஞ்ச நேரம் கேட்ட எல்கர், இதில் நான் சொல்ல எதுவுமில்லை என்கிற விதமாகச் சொல்லிவிட்டுக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்பது இசை வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் கதை. 75 வயதுக்காரர் 16 வயதுக்காரருக்குக் கொடுத்த சான்றிதழ் அது.

கூடத்தில் நடந்ததோ வேறு விதமான வேலை. சூடு காட்டி இளக்கிய தடித்த மெழுகுத் தட்டு ஒன்று சுழலும். சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசிக்க வேண்டும். நாலு நிமிடம் சொச்சத்தில் மெழுகு தீரும். நிறுத்த வேண்டும். கொம்புவாத்தியம் ஒன்று இடறினால், வில் ஒன்று தட்டினால், யாராவது இருமினால் அந்த மெழுகு போயிற்று. முதலிலிருந்து அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. நல்ல பாதியையும் இன்னொரு தடவையின் நல்ல பாதியையும் ஒட்ட வழியே இல்லை. வாசித்ததைப் போட்டுக் கேட்கவும் தயங்குவார்கள். ஊசி மெழுகின் மேல் ஏறினால் அது அச்சுக்கு உதவாது.

தேறிய மெழுகுக்கு உலோகம் பூசி ஒரு எதிரச்சு, அதிலிருந்து ஒரு நேரச்சு, அதிலிருந்து தட்டு அழுத்தும் எதிரச்சு. நம் வீட்டுக்கு வருகிற தட்டு நாலாவது தலைமுறை.

12 பக்கத்துக்கும் இதே கதை. அதனால் 11 இடைவெளிகளும் கேட்பவருக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. வாசித்தவரும் அங்கங்கே வில்லை எடுத்தார். அடுத்த மெழுகு சூடாகி வரும்வரை காத்திருந்தார். பின்பு விட்ட இடத்தில், விட்ட அதே வேகத்தில், விட்ட அதே மனநிலையில் எடுத்துத் தொடர்ந்தார். இதைப் பதினோரு தடவை.

வாங்கியவர் செலவு

இப்போது மறுபக்கம். தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என்னென்ன கொடுத்தார்?

எடை: 12 அங்குல அரக்குத் தட்டு ஒன்று சுமார் 300 கிராம். ஆறுக்கு 1,800 கிராம். ஆல்பத்தின் அட்டையையும் சேர்த்தால் இரண்டு கிலோ. பச்சைக் குழந்தைபோலக் கையில் ஏந்தி வர வேண்டும். கீழே விழுந்தால் சில்லு சில்லாக உடையும்.

ஊசி: இது சுவையான கணக்கு. தட்டின் வெளிச்சுற்றும் உட்சுற்றும் சேர்ந்த சராசரி விட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்று 63 சென்டிமீட்டர். 325 சுற்றுக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தட்டில் கல்பொடி கலந்திருக்கிறது. கனமான ஒலிப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு இரும்பு ஊசி 200 மீட்டர் கல்பாதையில் நடக்கிறது. பக்கத்தின் முடிவில் அதன் முனை மழுங்கிவிடும். மழுங்கிய ஊசி தட்டை உழுதுவிடும். அதனால் பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது சட்டம். கன்செர்ட்டோவை ஒரு தடவை கேட்க 12 ஊசி. 200 ஊசி கொண்ட சின்னத் தகர டப்பா 16 தடவைக்கு வரும். மிச்சம் 8 ஊசி. முழு இசைக்கும் ஊசி நடந்த தூரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்.

எழுந்த தடவை: 11. ஒவ்வொரு தடவையும் ஒலிப்பெட்டியைத் தூக்கு, தட்டைத் திருப்பு அல்லது மாற்று, ஊசியை மாற்று, சாவி கொடு, முனையை ஓரத்தில் வை. அரை நிமிடம் என்று வைத்தாலும் ஐந்தரை நிமிடம்.

அரக்கு: இந்த ஒரு வரியில்தான் நம் நாட்டுக்கு நேரடிப் பங்கு. தட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரக்கு. மீதி கல்பொடி, பஞ்சு இழை, கருமைக்குக் கரி. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து, குறிப்பாகச் சோட்டாநாக்பூர் பக்கத்திலிருந்து போனது. நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அதே பொருள்தான். மரக்கிளையில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கசியும் பிசின். அரை கிலோ அரக்குக்குச் சுமார் ஒரு லட்சம் பூச்சி வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1,800 கிராமில் மூன்றில் ஒரு பங்கு 600 கிராம். எல்கரின் கன்செர்ட்டோ ஒன்றை வீட்டில் வைத்திருந்தவர் அலமாரியில் சுமார் 1,20,000 பூச்சிகளின் உழைப்பு இருந்தது.

போர் வந்ததும் இந்த வரியே முதலில் அடிபட்டது. கடல்வழி அடைபட்டது. அரக்கு படைத்தளவாடங்களுக்கும் தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளின் அரக்கை 70 சதவீதம் வெட்டியது. வீட்டில் கிடக்கும் பழைய தட்டைக் கொண்டுவாருங்கள், புதியது தருகிறோம் என்று கடைகள் கேட்டன. யாரோ சாவி கொடுத்துக் கேட்ட இசை உருகி இன்னொருவரின் இசைக்கு மூலப்பொருளாயிற்று.

எட்டடியும் பதினைந்து அங்குலமும்

1948 ஜூன் 21, நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதி. கொலம்பியா கம்பெனி எல்பி என்ற நீண்ட நேரத் தட்டை நிருபர்களுக்குக் காட்டியது. ஒரு பக்கம் கிட்டத்தட்ட எட்டடி உயரத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளின் அடுக்கு. மறுபக்கம் அதே இசை எல்பியில், உயரம் பதினைந்து அங்குலம் சொச்சம். விளக்கமே தேவைப்படவில்லை.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று. தொடக்கத்தில் பக்கத்துக்கு சுமார் 22 நிமிடம், அதாவது 733 சுற்று. ஊசிமுனை மூன்றில் ஒரு பங்காக ஒடுங்கியது. அரக்கு போய் வினைல் வந்தது. 12 அங்குலத் தட்டின் விலை 4.85 டாலர்.

அந்த வரிசையில் எண் எம்எல் 4001, அதாவது முதல் 12 அங்குல எல்பி, ஒரு கன்செர்ட்டோ. மெண்டல்சனின் வயலின் கன்செர்ட்டோ. வயலின் நேதன் மில்ஸ்டைன், நியூயார்க் ஃபில்ஹார்மொனிக், நடத்தியவர் புருனோ வால்டர். பதிந்தது 1945 மே மாதம். கொலம்பியா ஒரு முன்யோசனைக்காரக் கம்பெனி. 1930களின் இறுதியிலிருந்தே தன் மூலப் பதிவுகளை 16 அங்குல லாக்கர் தட்டுகளில், பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடமாக எடுத்து வைத்திருந்தது. என்றோ வரப்போகும் நீண்ட தட்டுக்கு முன்கூட்டியே போட்ட முதல்.

இந்தத் தேர்வில் ஒரு பொருத்தம் உண்டு. மெண்டல்சன் தன் கன்செர்ட்டோவின் மூன்று பகுதிகளையும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டுமென்றே எழுதியவர். முதல் பகுதி முழக்கத்தோடு முடியும்போது பசூன் என்ற ஊதுவாத்தியம் மட்டும் ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுரத்தின் கையைப் பற்றிக்கொண்டு இரண்டாம் பகுதி வந்துவிடும். பகுதிகளுக்கு நடுவே சபை கைதட்ட இடமே இல்லை. அரங்கேற்றம் 1845 மார்ச் 13. வாசித்தவர் லைப்சிக்கின் ஃபெர்டினான்ட் டேவிட். அதற்கு 103 ஆண்டு கழித்து, எல்பியில், கேட்பவர் எழுந்திருக்க வேண்டிய தடவை ஒன்றாகக் குறைந்தது.

மறைந்த ஒட்டு

காந்த நாடாவை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் ஜெர்மன் வானொலிக்காரர்கள். ஆயிரம் மீட்டர் சுருள், விநாடிக்கு சுமார் 77 சென்டிமீட்டர் ஓட்டம், ஏறத்தாழ 22 நிமிடம். போரின் கடைசிக் கட்டத்தில் பெர்லினில் வால்டர் கீசெகிங் பேத்தோவனின் 5ஆம் பியானோ கன்செர்ட்டோவை வாசித்தார். நடத்தியவர் ஆர்டூர் ரோட்டர். அப்போதே ஸ்டீரியோ. இசை அடங்கும் இடங்களில் தூரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அதிர்வது அந்த நாடாவில் பதிவாகியிருக்கிறது. 22 நிமிடம் இடைவிடாமல் ஓடுகிற கருவி எதைக் கேட்கிறதோ அதையெல்லாம் எழுதிக்கொள்ளும்.

நாடாவுக்கு இன்னொரு குணம். அதைக் கத்தியால் வெட்டலாம், ஒட்டலாம். அதோடு கணக்கின் முறையே மாறியது. பிற்காலத்தில் லண்டன் குழுக்களின் ஒப்பந்தப்படி மூன்று மணி நேர அமர்வுக்குப் பயனாகும் இசை 20 நிமிடம் என்று வரம்பு. மீதி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்க. சிறந்த துண்டுகள் பிறகு சேரும். 1958 மே 30 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் வான் கிளைபர்ன் பதிந்த சைகோவ்ஸ்கி பியானோ கன்செர்ட்டோ, பத்து லட்சம் பிரதி விற்ற முதல் செவ்வியல் எல்பி. மாஸ்கோவில் நடந்த இசைப் போட்டியில் அவர் அதே ஆண்டு ஏப்ரலில் பெற்ற பரிசு 25,000 ரூபிள். 1965 ஆகஸ்ட் 19 அன்று லண்டன் கிங்ஸ்வே ஹாலில் 20 வயது ஜாக்குலின் டு பிரே எல்கரின் செல்லோ கன்செர்ட்டோவைப் பதிந்தார். நடத்திய ஜான் பார்பிரோலி, 1919இல் அதன் அரங்கேற்றத்தில் குழுவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர். நடுவே 46 ஆண்டு.

மெனுஹினும் 1960களில் ஆட்ரியன் போல்ட்டுடன் எல்கரை மறுபடி பதிந்தார். இது நாடாக் காலம். கேட்டால் ஒட்டே தெரியாது. நாடாவில் பதிந்த எந்தக் கன்செர்ட்டோவிலும் எத்தனை ஒட்டு என்று காதால் எண்ண முடியாது.

ஐந்தொகை

1932இன் அந்த 50 நிமிடத்துக்கு இதுவரை ஆன கணக்கு:

- 78 சுற்று: 6 தட்டு, 3,900 சுற்று, 12 ஊசி, 11 இடைவெளி.
- எல்பி: 1 தட்டு, 1,667 சுற்று, 1 இடைவெளி.
- சிடி: 1 தட்டில் ஒரு பாகம். விநாடிக்கு 44,100 மாதிரி வீதம் 13 கோடியே 23 லட்சம் எண்கள். மூலம் மோனோ. ஆனால் சிடிக்கு இடமும் வலமும் வேண்டுமே என்று அதே எண்களை இரண்டு தடவை எழுதி வைக்கிறார்கள். இடைவெளி 0.

எண் குறைந்துகொண்டே வந்ததை வரவு என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பழைய கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. அங்கே 11 ஒட்டு என்றால் 11தான். எங்கே நின்றது என்று தட்டைத் திருப்பியவருக்கெல்லாம் தெரியும். இரண்டு ஒட்டுக்கு நடுவே உள்ள நாலு நிமிடத்தில் வெட்டும் இல்லை, திருத்தமும் இல்லை. பின்னால் வந்த தட்டுகளில் வெளியே தெரியும் ஒட்டு பூஜ்யம், உள்ளே இருப்பது எத்தனையோ.

எல்கரின் மூன்றாம் பகுதியில் ஒரு இடம் உண்டு. வயலின் தனியாக நின்று வந்த வழியெல்லாம் திரும்பிப் பார்க்கும். அதன் அடியில் குழுவின் தந்திக் கருவிகள் வில்லை விட்டுவிட்டு விரல்நுனியால் தந்தியை மெல்ல வருடிக்கொண்டிருக்கும். 1916இல் கொம்புக்கு அந்த வருடல் கேட்கவில்லை. மேரி ஹாலின் பதிவுக்காக எல்கர் அங்கே ஒரு ஹார்ப்பைச் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. 1932இல் மைக்குக்குக் கேட்டது, ஹார்ப் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த இடம் நாலரை நிமிடத்தைவிட நீளம். எங்கோ நடுவில் மெழுகு தீர்ந்திருக்க வேண்டும். 16 வயதுப் பையன் வில்லைத் தூக்கியிருக்க வேண்டும், 75 வயதுக்காரர் கோலைத் தாழ்த்தியிருக்க வேண்டும்.

டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து மாற்றிக் கேட்டவர்களுக்கு அது எந்தச் சுரத்துக்குப் பிறகு என்று மனப்பாடமாக இருந்திருக்கும். கைபேசியில் மூன்று தடவை கேட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.